பழைய ஜீப்பைக் கைக்காசுக்குள் மீட்டெடுப்பது: பிரேக்கில் தொடங்கி பெயிண்டில் முடியும் வழி

தேனி மாவட்டத்தில் எங்கள் போடி பக்கம் எந்தத் தோட்டத்துக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒரு ஜீப் நிற்கும். பானட் ஒரு மூலையில், சீட் இன்னொரு மூலையில், எஞ்சின் மேல் சாக்கு. கேட்டால் "ரெடி பண்ணிக்கிட்டு இருக்கேன்" என்பார்கள். எத்தனை வருஷமாக என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். பழுது முற்றிப்போய் அந்த வண்டிகள் நின்றுவிடவில்லை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிரித்துப் போட்டார்கள். காசு தீர்ந்தது, அப்புறம் ஆசையும் தீர்ந்தது.

என்னிடம் இருப்பது 1994ஆம் வருடத்து மஹிந்திரா எம்.எம். 540. சித்தப்பாவின் ஏலக்காய்த் தோட்டத்தில் நான்கு வருடம் நின்றுகொண்டிருந்த வண்டி. அதைச் சரி செய்ய 14 மாதம் ஆனது. அந்த 14 மாதத்தில் வண்டி தொடர்ச்சியாக மூன்று வாரத்துக்கு மேல் ஓடாமல் நின்றதே இல்லை. கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முறை இதுதான்: ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரியுங்கள், அதை முடியுங்கள், ஓட்டிப் பாருங்கள், அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள். எதை முதலில் தொடுவது என்ற வரிசை மிக முக்கியம். வண்டியை நிறுத்துவது, திருப்புவது, தாங்குவது, ஓட்டுவது, கடைசியாக அழகு.

இங்கே சொல்வதெல்லாம் மஹிந்திராவின் பழைய ஜீப்புகளை வைத்து. 1940களின் இறுதியில் வில்லீஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியதிலிருந்து சி.ஜே. 3 பி, சி.ஜே. 500 டி, எம்.எம். 540 என்று வந்த வரிசை அது. ஏணி மாதிரி சேசிஸ், நான்கு மூலையிலும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), முன்னும் பின்னும் முழு ஹவுசிங் (சக்கர அச்சு இருக்கும் இரும்புக் கூடு), கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. அதனால்தான் ஒரு ஸ்பானர் செட்டோடு வீட்டு வாசலிலேயே பாதி வேலையை முடிக்க முடிகிறது.

வாங்கும் முன் காகிதம்

வண்டியைப் பார்க்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள். சேசிஸ் நம்பர் சட்டத்தில் அடித்திருப்பதும் ஆர்.சி.யில் இருப்பதும் ஒன்றா? எஞ்சின் நம்பரும் அதேதானா? இந்த வண்டிகளில் பெஜோ என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் எஞ்சினை இறக்கிவிட்டு டி.ஐ. (டீசலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்) எஞ்சினை ஏற்றியிருப்பது சர்வசாதாரணம். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போகும் நாளில்தான் அதன் விலை தெரியும்.

எச்.பி. (ஆர்.சி.யில் ஏறிய வண்டிக் கடன் குறிப்பு) கழித்திருக்கிறதா என்றும் பாருங்கள். முப்பது வருஷத்துக்கு முன் கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனி மூடியே போயிருக்கும், ஆனால் ஆர்.சி.யில் அதன் பெயர் அப்படியே இருக்கும். மஞ்சள் போர்டு வண்டியா, சொந்த உபயோகமா என்பதும் அப்படித்தான். என் வண்டி இடுக்கிப் பதிவு, கே.எல். 6. தமிழ்நாட்டுக்கு மாற்ற அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே வரி கட்டிப் புது எண் வாங்க வேண்டும். இந்தச் செலவைப் பேரம் பேசும்போதே கணக்கில் சேருங்கள்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடத்துக்கு. அதன் பிறகு எஃப்.சி. பார்த்து 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2025இல் அதை 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி.

இன்னொன்று. ஹரியானாவின் டப்வாலி பக்கம் புதிதாகப் பாடி கட்டி, அகல டயர் போட்டுக் கண்ணைப் பறிக்கும் ஜீப்புகள் விற்பனைக்கு வரும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் வேலை வண்டியை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. அந்த எல்லைக்குள் நின்றால் செலவும் குறையும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தலையும் குனிய வேண்டாம்.

வண்டியைப் பார்க்கும் அரை நாள்

போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டீசல் எஞ்சினின் உண்மையான நிலை குளிர்ந்த எஞ்சினில்தான் தெரியும். ஆற விடுங்கள், டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஸ்டார்ட் ஆனபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாகக் காற்று வந்தால் பரவாயில்லை. புசுபுசுவென்று புகை தள்ளினால் அது பேக் கம்ப்ரஷன், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேய்ந்திருக்கின்றன. சைலன்சர் புகை நீலமாக இருந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பென்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. வெள்ளை என்றால் அவசரப்படாதீர்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அப்புறம் அடியில் படுங்கள். கையில் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு ஸ்குரூ டிரைவர். சேசிஸைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று கேட்கும், உள்ளே துரு தின்ற இடம் 'தொப்' என்று கேட்கும். ஸ்டீயரிங் பாக்ஸ் பூட்டியிருக்கும் இடம், பட்டை முனையைத் தாங்கும் ஷேக்கிள் தொங்கும் பிராக்கெட், குறுக்குச் சட்டம் சேருமிடம், இந்த மூன்றிலும் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மண்ணைச் சுரண்டிப் பார்க்காமல் எழுந்து வராதீர்கள். பாடிக்கு ஒரு காந்தம் போதும். தகரத்தில் ஒட்டும், பட்டி தடவிய இடத்தில் வழுக்கும்.

எஞ்சின் மோசம் என்றால் விலையைக் குறைத்து வாங்கலாம். பாடி மோசம் என்றாலும் வாங்கலாம். சேசிஸ் மோசம், காகிதம் மோசம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பெஜோவா, டி.ஐ.யா என்ற கேள்வி எப்போதும் வரும். எம்.எம். 540இல் வந்த பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சின் 2,112 சி.சி. மிருதுவாக ஓடும், நன்றாகச் சுற்றும், ஆனால் ஸ்டார்ட் செய்ய எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் வேண்டும், சாமான் தேடி அலைய வேண்டும். 2,523 சி.சி. டி.ஐ. எஞ்சின் சத்தம் போடும், ஆனால் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். அதே குடும்பத்து எஞ்சின் பொலேரோவிலும் ஓடியதால் சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும். காசு இறுக்கம் என்றால் டி.ஐ. வண்டியை வாங்குங்கள் என்பதுதான் என் யோசனை, நான் வைத்திருப்பது பெஜோவாக இருந்தாலும்.

காசும் சாமானும்

வண்டி விலைக்குச் சமமான தொகையை வேலைக்கென்று ஒதுக்குங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடவே கூடாது. பிரித்த பிறகு தெரியவரும் பழுதுக்கு அது.

பழைய சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம். புதிதாக வாங்கச் சென்னை ஜி.பி. ரோடு. எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஹவுசிங், ஹப், கியர்பாக்ஸ் மூடி, கண்ணாடிச் சட்டம், பானட், இவையெல்லாம் பழையது போதும். பிரேக் ரப்பர், ஹோஸ், பேரிங், ஆயில் சீல், டை ராடு எண்ட் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை மூட்டு), கிராஸ் (புரொப்பல்லர் ஷாஃப்ட் மடங்கும் மூட்டு), யூ போல்ட் ஆகியவை புதிதாக மட்டுமே.

பேரிங் வாங்கும்போது 'ஜீப் பேரிங்' என்று கேட்காதீர்கள். பழைய பேரிங்கைத் துடைத்தால் அதன் விளிம்பில் நம்பர் இருக்கும். அந்த நம்பரை எழுதிக்கொண்டு பேரிங் கடைக்கே போங்கள். ஆயில் சீலுக்கும் அப்படித்தான்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றையும் அளந்து சொன்னால் போதும். டப்பாவில் ஜீப் படம் போட்டிருப்பதற்காகக் கொடுக்கும் காசு மிச்சமாகும்.

கருவிகளில் ரிங் ஸ்பானர் செட், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், கிரீஸ் கன் ஆகியவை கட்டாயம். ஜாக்கி மட்டும் போட்டுவிட்டு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் கெட்டியான மரக்கட்டையைச் சேசிஸுக்கு அடியில் அடுக்கிவிட்டுப் போங்கள். ஹாலோ பிளாக் கல் வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும்.

முதல் வேலையாக அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவி, எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். எந்த ஒயர் எங்கே போனது, எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று ஆறு மாதம் கழித்து நினைவிருக்காது. துருப்பிடித்த போல்ட்டுகளுக்குத் தினமும் சாயங்காலம் துரு இளக்கும் ஆயில் விட்டு வாருங்கள். நான்கு நாள் பொறுமை ஒரு உடைந்த போல்ட்டை மிச்சப்படுத்தும்.

பிரேக்

என் வண்டி ஸ்டார்ட் ஆன மறுநாளே எங்கள் மலைப்பாதையான போடிமெட்டுக்கு ஏற்றிவிட்டேன். ஏறும்போது எந்தக் குறையும் இல்லை. இறங்கும்போது நான்காவது கொண்டை ஊசி வளைவில் பெடல் பாதிக்கு இறங்கியது, ஆறாவதில் தரையைத் தொட்டது. முதல் கியரும் மலைப்பக்கத்து மண்மேடும் காப்பாற்றின. மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "எஞ்சின் நின்னா ஓரமாத் தள்ளிக்கலாம் தம்பி. பிரேக் நின்னா எங்க தள்ளுவ?" என்றார். அன்றிலிருந்து எனக்கு வரிசை மாறிவிட்டது.

பழைய ஜீப்பில் பிரேக் ஒரே சுற்று. நான்கு சக்கரத்தில் எந்த மூலையில் ஒழுகினாலும் மொத்தப் பெடலும் போய்விடும். அதனால் ஒரு சக்கரத்தை மட்டும் பார்த்து மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று விடக் கூடாது. இதை ஒரே மூச்சில் செய்ய வேண்டும்.

நான்கு டிரம்மையும் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள், ஈரமாக இருந்தால் ஒழுகுகிறது. பிரித்து உள்சுவரை விரலால் தடவுங்கள். வழவழவென்று இருந்தால் ரப்பர் கிட் மாற்றினால் போதும். நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள், குழியுள்ள சிலிண்டரில் போட்ட புது ரப்பர் சில மாதத்திலேயே கிழியும்.

ரப்பர் சாமான்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவுவது பட்டறைகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ரப்பர் ஊதிப்போய் சிக்கிக்கொள்ளும். பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள். இரும்புக் குழாயில் ஓட்டை விழுந்தால் செம்புக் குழாய் போட்டுத் தருகிறேன் என்பார்கள், வளைக்க எளிது என்பதால். வேண்டாம். அதிர்வில் செம்பு நாளாக நாளாக இறுகி விரிசல் விடும். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று இருக்கும் ரப்பர் ஹோஸ் மூன்றையும் பார்வைக்கு எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

டிரம்மில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கடைந்து வாங்குங்கள், லைனிங் புதிதாக ரிவிட் அடித்துப் பூட்டுங்கள். பிறகு காற்றெடுப்பது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பிளீடர் நிப்பிளில் ஒரு தெளிவான ட்யூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய கண்ணாடிப் பாட்டிலுக்குள் மூழ்க விடுங்கள். உள்ளே ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறக்க வேண்டும். முதலில் நுரையாக வரும், அப்புறம் ஒற்றை ஒற்றைக் குமிழி, கடைசியில் குமிழியே இல்லாமல் தேன் மாதிரி ஒரே கோடாக வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். நடுநடுவே மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது காலியானால் மறுபடி முதலிலிருந்து.

எல்லாம் முடிந்தபின் பெடலை ஒரு நிமிடம் ஒரே அழுத்தமாக அழுத்திப் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் வெளியே ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது.

ஹேண்ட் பிரேக் இந்த வண்டிகளில் சக்கரத்தில் இல்லை, இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் ஒரு தனி டிரம்மில் இருக்கும். அங்கே ஆயில் சீல் ஒழுகினால் லைனிங் நனைந்து எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. கேபிளை முறுக்கிப் பலனில்லை, சீலை மாற்றுங்கள்.

ஸ்டீயரிங்கும் முன் ஹவுசிங்கும்

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கியதும் முன்சக்கரம் இரண்டும் தலையை ஆட்டுகிற மாதிரி நடுங்கி, ஸ்டீயரிங் கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போகும். ஜீப் ஓட்டியவர்களுக்கு இந்த ஆட்டம் தெரியும். டயர் பேலன்ஸ் செய்து பார்ப்பார்கள், ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டீயரிங் டேம்பர் வாங்கிப் போடுவார்கள். பெரும்பாலும் குறை, முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னில்தான் இருக்கும்.

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். இப்போது ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங்பின். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு எண்ட். சி.ஜே. 3 பி வழிவந்த வண்டிகளில் முன் குறுக்குச் சட்டத்தின் நடுவில் பெல் கிராங்க் (ஸ்டீயரிங் இழுப்பைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் கை) இருக்கும், அதன் பின் தேய்ந்தாலும் ஸ்டீயரிங் கால் சுற்று சும்மா சுற்றும். இதையெல்லாம் பார்க்காமல் ஸ்டீயரிங் பாக்ஸைத் திறக்காதீர்கள்.

கிங்பின் பேரிங்கை இறுக்குவது சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் நக்கிளின் மேல் மூடிக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகள். தகட்டை எடுத்தால் இறுகும், சேர்த்தால் இளகும். எவ்வளவு இறுக்கம்? டை ராடைக் கழற்றி, ஹவுசிங் முனையில் இருக்கும் உருண்டையைச் சுற்றியிருக்கும் சீலையும் எடுத்துவிட்டு, டை ராடு கோக்கும் ஓட்டையில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுங்கள். மீன் கடையில் தொங்குமே, அந்தத் தராசு போதும். நக்கிள் திரும்புவதற்கு 12 முதல் 16 பவுண்டு இழுவை வேண்டும் என்பது வில்லீஸ் கையேட்டுக் கணக்கு. கிலோவில் ஏறக்குறைய ஐந்தரை முதல் ஏழு. என் வண்டியில் இரண்டு கிலோ தாண்டுவதற்குள் நக்கிள் சரேலென்று திரும்பிவிட்டது. பேரிங்கை மாற்றி, ஒரு பக்கம் இரண்டு தகடும் மறுபக்கம் ஒன்றும் எடுத்த பிறகு ஆறில் வந்து நின்றது. டேம்பர் எதுவும் போடாமலே ஆட்டம் போய்விட்டது.

டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு, பார்க்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. முன் டயர் இரண்டின் நடுவிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஹப் உயரத்தில் முன்பக்க இடைவெளியை அளந்துகொண்டு, வண்டியை அரைச் சுற்று தள்ளி அதே கோட்டைப் பின்பக்கம் அளக்க வேண்டும். முன்பக்கம் 1 முதல் 2 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும்.

சேசிஸும் பட்டையும்

விரிசல் இருந்தால் அதன் மேலேயே வெல்டிங் ஓட்டிவிட்டுப் போகக் கூடாது. விரிசலின் இரு முனையிலும் சிறு ஓட்டை போட்டு, அது மேலே ஓடாமல் நிறுத்தி, பள்ளம் கிரைண்ட் செய்து, வெல்டிங் நிரப்பி, அதன் மேல் தகடு வைக்க வேண்டும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி, ஆல்டர்னேட்டர் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள்.

பட்டை தளர்ந்திருந்தால் புதிது வாங்கும் முன் பட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். நாமக்கல், சங்ககிரி மாதிரி லாரி ஊர்களில் இந்த வேலை செய்பவர்களின் கை மிகவும் தேர்ந்தது. பழைய பட்டையை வளைத்து, உடைந்ததை மட்டும் மாற்றித் தருவார்கள். கூடுதலாக இரண்டு பட்டை செருகி உயரமாக்கும் ஆசை வேண்டாம், முதுகுதான் கேட்கும். புஷ், ஷேக்கிள் பின், யூ போல்ட் எல்லாம் புதிது. ஒருமுறை இறுக்கி இழுபட்ட யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

எஞ்சினைத் திறப்பதற்கு முன்

எனக்குக் காலையில் ஸ்டார்ட் ஆகக் கஷ்டப்படும், வெள்ளைப் புகையாகத் தள்ளும், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஒரு பட்டறையில் காட்டியதும் முழு எஞ்சின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். நான் மாற்ற வேண்டியிருந்தது இரண்டு ஹீட்டர் பிளக். சோதிப்பது எளிது: பிளக்கில் இருக்கும் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு பல்பின் ஒரு ஒயரைப் பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றைப் பிளக்கின் தலையிலும் தொடுங்கள். எரிந்தால் நல்ல பிளக். எரியாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. என் எஞ்சினில் நான்கில் இரண்டு அறுந்திருந்தன.

அதனால் எஞ்சினைத் திறப்பதற்கு முன் இவற்றைச் செய்து ஒரு மாதம் ஓட்டுங்கள்: ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் கிளீனர் மாற்றுவது, டேப்பட் (வால்வு இடைவெளி) வைப்பது, டீசல் பீய்ச்சும் நாசில் நான்கையும் கழற்றிப் பம்ப் கடையில் அழுத்தம் பார்த்து வாங்குவது, டீசல் டேங்கைக் கழற்றிக் கழுவுவது. நாலு வருஷம் நின்ற டேங்கில் எனக்குக் கால் டம்ளர் துருத்தூளும் பச்சைப் பாசி மாதிரி ஒன்றும் வந்தது. அது பம்புக்குள் போயிருந்தால் பம்பின் கதை முடிந்திருக்கும். டேங்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்க முயலாதீர்கள், காலியான டேங்கிற்குள் தங்கும் ஆவியே வெடிக்கும்.

சூடாகிறது என்றால் ரேடியேட்டர் கடை. மேல் டேங்கைப் பிரித்து, குழாய் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டு அடைப்பெடுத்துத் தருவார்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். எஞ்சின் அதன் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால் தேய்மானம் அதிகம். வெறும் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

இவ்வளவும் செய்து, பேக் கம்ப்ரஷனும் ஆயில் குடிப்பதும் நிற்கவில்லை என்றால் சரி, திறக்க வேண்டியதுதான். திறந்தால் அரைகுறையாக வேண்டாம். "ரிங் மட்டும் மாத்திக்கலாம்" என்பது கேட்க இனிமையாக இருக்கும். மேலே அகன்றும் கீழே குறுகியும் தேய்ந்த லைனரில் புது ரிங் எப்படிப் படியும்? முதலில் அளக்கச் சொல்லுங்கள். அளவு எல்லைக்குள் இருந்தால் ரிங் போதும், தாண்டியிருந்தால் லைனரும் பிஸ்டனும் சேர்த்து.

கியர்பாக்ஸ், ஹவுசிங், 4 வீல்

கிளட்சை விட்டதும் 'டக்' என்று அடியில் சத்தம் வந்தால் பெரும்பாலும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ். ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு பாதியிலும் பஞ்சால் ஒரு புள்ளி அடித்து வையுங்கள். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் இரு முனை நுகங்களும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, வண்டி அதிரும்.

ஹவுசிங்கில் ஆயில் சீல் மாற்றி மாற்றியும் ஒழுகுகிறதா? மேலே இருக்கும் காற்றுப் போக்கியை முதலில் பாருங்கள். மண் அடைத்திருந்தால் உள்ளே சூடாகும் காற்று சீலைத்தான் தள்ளும். மாற்றவேண்டியது சீல் அல்ல, குத்தவேண்டியது அந்தச் சின்ன ஓட்டை.

பழைய ஹவுசிங் வாங்கிப் பூட்டிய வண்டியென்றால் முன்னும் பின்னும் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் பல் விகிதம் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறுபட்டால் 4 வீல் (நான்கு சக்கர இழுவை) போட்டதும் ஒன்றை ஒன்று இழுத்து ஏதோ ஒன்று உடையும். பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. கியரை நியூட்ரலில் வைத்து, 4 வீல் லீவரை விலக்கி, ஒரு சக்கரம் தரையில் இருக்க அதே ஹவுசிங்கின் எதிர்ச் சக்கரத்தை மட்டும் தூக்கி, சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அந்த நேரத்தில் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஹேண்ட் பிரேக் பின் ஷாஃப்டைப் பிடிக்கும் என்பதால் அதை விடுவித்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

4 வீலை மண்ணிலோ சரளையிலோ மட்டும் சோதியுங்கள். காய்ந்த தார் ரோட்டில் 4 வீல் போட்டு வளைத்தால், முன்னும் பின்னும் சக்கரங்கள் வேறு வேறு தூரம் ஓட முயன்று ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும். லீவரும் வெளியே வராது.

ஒயரிங்

கடந்த முப்பது வருஷத்தில் பத்து எலக்ட்ரீஷியன் கை வைத்த ஒயரிங்கைத் திருத்துவதை விட, புதிதாக இழுத்துவிடுவது எளிது. சுற்றுகள் குறைவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒவ்வொன்றுக்கும் ஃப்யூஸ் வையுங்கள். எஞ்சினிலிருந்து சேசிஸுக்கும் சேசிஸிலிருந்து பாடிக்கும் தடித்த எர்த் பட்டை போடுங்கள், மங்கலான ஹெட்லைட்டும் இழுக்காத செல்ஃபும் பாதி இதிலேயே சரியாகும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும்.

பாடியும் பெயிண்டும் டயரும்

துரு தின்ற இடத்தை வெட்டி எடுத்துவிட்டு 18 கேஜ் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். ஓட்டையின் மேல் தகட்டை ஒட்டவைத்துப் பட்டி தடவினால் இரண்டு மழைக்காலம் தாங்காது, இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்கும். தரைத் தகட்டில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கும், டிங்கரிங் செய்பவர் அவற்றையும் சேர்த்து அடைத்துவிடுவார். பக்கத்தில் நின்று பாருங்கள். உள்பக்கமும் அடிப்பக்கமும் நீங்களே துருவைத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தால் கூலியில் பெரும்பங்கு மிச்சம். வெளிப் பெயிண்டுக்கு மட்டும் கைதேர்ந்தவரைக் கூப்பிடுங்கள். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், பழைய நிறமே போதும்.

டயர் 6.00-16. டிராக்டரின் முன் டயரும் இதே அளவில் கிடைக்கும், விலை குறைவாகவும் இருக்கும், தோட்டத்து வண்டிகளில் மாட்டியும் விடுகிறார்கள். அது மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓடச் செய்ததில்லை. பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் இவ்வளவு பாடுபட்டுச் சரி செய்துவிட்டு அந்த டயரில் மலை இறங்காதீர்கள்.

எஃப்.சி.யும் முதல் 500 கிலோமீட்டரும்

எஃப்.சி.க்கு முந்தைய நாள் ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், நான்கு பக்க விளக்கு, கண்ணாடி, ரிஃப்ளெக்டர், ஹேண்ட் பிரேக் எல்லாவற்றையும் இன்னொருவரை வெளியே நிற்கவைத்து ஒருமுறை பாருங்கள். சேசிஸ் நம்பர் மேல் பெயிண்ட் மூடியிருந்தால் தின்னரால் மெதுவாகத் துடைத்து, படிக்கிற மாதிரி வையுங்கள். கிரைண்டர் அங்கே படவே கூடாது.

முதல் 500 கிலோமீட்டரைத் தட்டையான ரோட்டில், ஊரைச் சுற்றியே ஓட்டுங்கள். நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று ஹப் நான்கையும், பிரேக் டிரம் நான்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கே பேரிங் இறுக்கமாக இருக்கிறது அல்லது பிரேக் உரசுகிறது. 500 ஆனதும் யூ போல்ட், வீல் நட், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட், புரொப்பல்லர் ஷாஃப்ட் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள். என் வண்டியில் பின் இடது யூ போல்ட் நட்டு அரைச் சுற்றுக்கு மேல் இளகியிருந்தது. கிரீஸ் நிப்பிள்கள் எல்லாவற்றிலும் புது கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடித்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் அளவு குறையவில்லை என்று பார்த்த பிறகுதான் நான் மறுபடி போடிமெட்டுக்கு ஏறினேன். இறங்கும்போது 17 வளைவிலும் பெடல் முதல் வளைவில் இருந்த உயரத்திலேயே நின்றது.